ஒரே பக்கத்தை இருமுறை: தொடக்க வேதியியலைப் படித்தும் செய்தும் கற்பிக்க

வேதியியலை முதன்முதலாகத் தொடும் மாணவர்களுக்குப் பெரும்பாலும் இரண்டு விதமாக வகுப்பு நடக்கிறது. பாடத்தை வாசித்து முடித்துவிட்டு, அதில் சொன்னது சரிதான் என்று காட்ட ஒரு சோதனை செய்வது ஒன்று. நுரை பொங்கும் ‘எரிமலை’யைக் காட்டிக் கைதட்டு வாங்கிக்கொண்டு பிறகு பாடத்துக்குப் போவது இன்னொன்று. முதலாவதில் முடிவு முன்பே தெரிந்துவிடுவதால் யாரும் உற்றுப் பார்ப்பதில்லை. இரண்டாவதில் எதைப் பார்க்க வேண்டும் என்றே தெரிவதில்லை. இரண்டிலும் குறை ஒன்றுதான்: புத்தகத்தைத் திறக்கும்போது மாணவர் கையில் கேள்வி இல்லை.

பலன் தரும் வரிசை இது: அரைப் பக்க வாசிப்பு, எழுதிவைத்த கணிப்பு, செயல்பாடு, பிறகு அதே அரைப் பக்கம் மறுபடியும். 45 நிமிட வகுப்பில் முறையே 7, 5, 20, 13 நிமிடங்கள் ஒதுக்கலாம். கடைசி 13 நிமிடத்தை எதற்காகவும் விட்டுக்கொடுக்காதீர்கள். செயல்பாடு இழுத்துக்கொண்டே போனால் சாமான்களை அப்படியே வைத்துவிட்டு வாசிப்புக்கு வாருங்கள். கழுவுவது பிறகு.

அரைப் பக்கம் என்பது 150 சொல் அளவு, ஒரே ஒரு கருத்து. பாடநூல்கள் கேள்வியையும் விடையையும் ஒரே பத்தியில் வைத்துவிடும். முதல் வாசிப்புக்கு விடை வரும் வரிகளை மறைத்து நகலெடுத்துக் கொடுங்கள். கணிப்பைப் பேனாவால், ‘ஏனென்றால்’ என்று காரணமும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். பென்சிலில் எழுதினால் சோதனை முடிந்ததும் அழித்துத் திருத்திவிடுவார்கள். ஆசிரியருக்கு வேண்டிய தகவலே அந்தத் தவறான கணிப்பில்தான் இருக்கிறது.

இரண்டாம் வாசிப்பில் மறைத்த வரிகளையும் கொடுத்து, ஒவ்வொரு வரிக்கும் ஓரத்தில் ஓர் எழுத்து இடச் சொல்ல வேண்டும். நாமே பார்த்ததற்கு ‘பா’, பார்த்ததிலிருந்து ஊகித்ததற்கு ‘ஊ’, நூல் சொல்வதால் ஏற்றுக்கொண்டதற்கு ‘நூ’. “வினிகரும் சமையல் சோடாவும் சேர்ந்தால் கார்பன் டை ஆக்சைடு வெளிவருகிறது” என்ற வரிக்குப் பாதி வகுப்பு ‘பா’ போடும். அங்கே நிறுத்துங்கள். பார்த்தது குமிழி மட்டும்தான். அந்த வாயுவைச் சுண்ணாம்பு நீரில் விட்டு அது பால்போல் கலங்குவதைக் கண்டால் ‘ஊ’ போடலாம். அதுவரை அது ‘நூ’தான். இந்த ஒரு வாதம் ஓடினால் அன்றைய வகுப்பு வீணில்லை.

கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தின் அலெக்ஸ் ஜான்ஸ்டன் வேதியியலின் மூன்று தளங்களை ஒரு முக்கோணமாக வரைந்து 1991-இல் வெளியிட்டார்: கண்ணால் காண்பது, துகள் அளவில் நடப்பது, குறியீட்டில் எழுதுவது. தெரிந்தவர்கள் ஒரே வாக்கியத்தில் மூன்றுக்கும் இடையே தாவிவிடுவோம். புதிதாகப் படிப்பவர் எங்கே தாவினோம் என்றே தெரியாமல் நின்றுவிடுவார். அதனால் முதல் சில வாரங்களுக்குச் சமன்பாடே எழுதாமல் காண்பதும் துகளும் மட்டும் போதும்.

துகளைத் தொடங்க ஒரு சிரிஞ்ச்

ஊசி இல்லாத 20 மி.லி. சிரிஞ்ச் இரண்டு எடுங்கள். ஒன்றில் காற்று, மற்றொன்றில் நீர். முனையைக் கட்டைவிரலால் இறுக்கி அடைத்துத் தண்டை அழுத்தினால் காற்று ஏறக்குறைய பாதி அளவுக்குச் சுருங்கும், நீர் அசையாது. நீரும் சுருங்குவதாக யாராவது சொன்னால் உள்ளே காற்றுக் குமிழி மாட்டியிருக்கிறது. முனையை மேல்நோக்கிப் பிடித்துச் சுண்டிக் குமிழியை வெளியேற்றிவிட்டு மறுபடி செய்யச் சொல்லுங்கள்.

இதன் உயிர் அழுத்துவதில் இல்லை, வரைவதில் இருக்கிறது. அழுத்துவதற்கு முன்னும் பின்னும் சிரிஞ்சின் உள்ளே இருக்கும் காற்றை, துகள் ஒன்றுக்கு ஒரு வட்டமாகச் சரியாக 12 வட்டங்கள் கொண்டு வரையச் சொல்லுங்கள். பலர் பின்படத்தில் வட்டங்களைச் சிறிதாக்குவார்கள். சிலர் எண்ணிக்கையைக் குறைப்பார்கள். இன்னும் சிலர் வட்டங்களுக்கு நடுவே ‘காற்று’ என்று எழுதி அம்புக்குறி போடுவார்கள். எண்ணிக்கையை நீங்களே நிர்ணயித்துவிடுவதால் இந்த மூன்று தவறுகளும் தனித்தனியாக வெளியே தெரியும். “வட்டங்களுக்கு நடுவே என்ன இருக்கிறது?” என்ற கேள்விக்கு உடனே விடை சொல்லாமல் அடுத்த வகுப்புவரை விட்டுவைப்பது நல்லது.

எடை போடாத சோதனை பாதிச் சோதனை

தராசைத் தொடாமல் தொடக்க வேதியியல் நடத்துவது சரியல்ல. ஆனால் வினைக்கு முன்னும் பின்னும் மொத்தப் பொருண்மை மாறாது என்ற பொருண்மை அழியா விதியைக் காட்டப் பலரும் எடுக்கும் பலூன் சோதனைதான் அந்த விதியைப் பொய்யாக்கிக் காட்டும். பாட்டிலில் 40 மி.லி. வினிகர், பலூனுக்குள் 2.1 கிராம் சமையல் சோடா. பலூனைப் பாட்டில் வாயில் மாட்டி மொத்தமாக எடை போட்டுவிட்டு, சோடாவைக் கவிழ்த்து மறுபடி எடை போட்டால் அரைக் கிராமுக்கு மேல் குறைந்திருக்கும். ஒரு குமிழிகூடக் கசியவில்லை. பிறகு எங்கே போனது?

எங்கும் போகவில்லை. 2.1 கிராம் சோடாவிலிருந்து அறை வெப்பநிலையில் சுமார் 0.6 லிட்டர் வாயு வருகிறது. பலூன் அவ்வளவு பருத்து, அதே பருமன் காற்றை இடம்பெயர்க்கிறது. ஒரு லிட்டர் காற்றின் எடை ஏறத்தாழ 1.2 கிராம். அந்த மிதப்பு விசை பலூனை மேலே தூக்குவதால் தராசு குறைத்துக் காட்டுகிறது. மேல்வகுப்புக்கு இது அருமையான புதிர். முதல் வகுப்பில் வந்தால் குழப்பம்தான் மிஞ்சும்.

பருமன் மாறாத பாத்திரம் வேண்டும். வாயு அடைத்த குளிர்பானம் வரும் 500 மி.லி. பிளாஸ்டிக் பாட்டில் அந்த அழுத்தத்தைத் தாங்கவென்றே செய்யப்பட்டது. கண்ணாடிப் பாட்டிலும் மெல்லிய குடிநீர்ப் பாட்டிலும் கூடாது. உள்ளே 25 மி.லி. வினிகர் ஊற்றுங்கள். 1 கிராம் சோடாவை, பாட்டில் வாயில் நுழையும் ஒரு சிறு குப்பியில் போட்டு, அதில் நூல் கட்டி நிமிர்ந்த நிலையில் மெல்ல இறக்குங்கள். நூல் நுனியும் உள்ளேயே போகட்டும்; மூடியில் மாட்டினால் அங்கேதான் கசியும். மூடியை இறுக்கி எடை குறித்த பிறகு பாட்டிலைச் சாய்க்க வேண்டும். 5 சதவீத வினிகரில் 1 கிராம் சோடாவுக்குச் சுமார் 14 மி.லி. போதும். மிச்சமிருக்கும் வினிகர் எல்லாச் சோடாவும் வினைபுரியும் என்பதற்கு உறுதி.

இப்போது எடை மாறாது. மூடியைத் திறந்து ‘உஸ்’ சத்தம் அடங்கியதும் மறுபடி எடை போட்டால் 0.3 முதல் 0.4 கிராம்வரை குறையும். 1 கிராம் துல்லியம் உள்ள சமையலறைத் தராசு இந்த வித்தியாசத்தைக் காட்டாது. 0.1 கிராம் தராசு இருந்தால் ஒப்பேற்றலாம், 0.01 கிராம் இருந்தால் நிம்மதி. சோடாவை மெல்லிய காகிதத்தில் சுருட்டிப் போட்டுவிட்டு அவசரமாக மூடுவது எளிதுதான். ஆனால் மூடுவதற்குள் கொஞ்சம் வாயு போய்விடும், எடைக் கணக்கும் அதோடு போய்விடும். 1 கிராமுக்கு மேல் சோடா வேண்டும் என்று கேட்பார்கள். கொடுக்காதீர்கள். பாதுகாப்புக் கண்ணாடி அணியாதவர் மூடிய பாட்டில் பக்கத்தில் நிற்கவும் கூடாது.

மெழுகுவர்த்தி சொல்லும் பொய்

தட்டில் நீர் ஊற்றி, நடுவே எரியும் மெழுகுவர்த்தியை நிறுத்தி, கண்ணாடிக் குவளையைக் கவிழ்த்தால் சுடர் அணைந்து நீர் மேலேறும். ஐந்தில் ஒரு பங்கு ஏறியதைக் காட்டி, “ஆக்சிஜன் தீர்ந்தது, அதன் இடத்தில் நீர் வந்தது” என்று விளக்குவது வழக்கம். விளக்கம் தவறு. ஏற்கெனவே சூடாகி விரிந்திருந்த காற்று, சுடர் அணைந்ததும் குளிர்ந்து சுருங்குவதே நீர் ஏறுவதற்கு முக்கியக் காரணம். கவனித்தால், நீர் சீராக ஏறாமல் சுடர் அணையும் நேரத்தில் சட்டென்று ஏறுவது தெரியும். கவிழ்க்கும்போது விளிம்பில் குமிழிகள் வெளியேறுவதும் தெரியும். தவிர, சுடர் ஆக்சிஜன் முழுவதையும் தீர்ப்பதே இல்லை. காற்றில் 21 சதவீதமாக இருப்பது சுமார் 16 சதவீதத்துக்குக் குறையும்போதே அணைந்துவிடும். ஒரே குவளையில் ஒன்றுக்குப் பதில் மூன்று மெழுகுவர்த்தி வைத்துக் காட்டினால் நீர் இன்னும் மேலே ஏறும். ஆக்சிஜன் அதே அளவுதானே இருந்தது என்று மாணவர்களே கேட்டுவிடுவார்கள்.

காற்றில் ஐந்தில் ஒரு பங்கு ஆக்சிஜன் என்பதைக் காட்ட, துருப்பிடிக்கும்போது ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும் இரும்புக் கம்பளிதான் சரி. மெல்லிய இழை கொண்டதை வினிகரில் இரண்டு நிமிடம் ஊறவைத்தால் மேலே பூசிய எண்ணெய் போகும். பிறகு நீரில் நன்றாக அலசி உதற வேண்டும். அலசாமல் விட்டால் மிச்ச அமிலம் இரும்போடு சேர்ந்து ஹைட்ரஜனை உண்டாக்கி நீரைக் கீழே தள்ளிவிடும். சோதனைக்குழாயின் அடிவரை தளர்வாகத் திணித்து, நீருள்ள பீக்கரில் கவிழ்த்து, நீர்மட்டத்தில் ரப்பர் வளையம் போட்டுவிட்டு ஒரு நாளாவது விட்டுவையுங்கள். அளக்கும்போது குழாயைத் தூக்கியோ இறக்கியோ உள்மட்டமும் வெளிமட்டமும் ஒன்றாகும்படி வைத்துப் படிக்க வேண்டும். ஒன்றுமே நடக்கவில்லை என்றால் வாங்கியது துருப்பிடிக்காத எஃகாக இருக்கும். பாத்திரம் தேய்க்கும் கம்பிச் சுருள்கள் பல அப்படித்தான்.

இதனால் மெழுகுவர்த்தியை ஒதுக்கிவிட வேண்டாம். லண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷனில் 1860-61 குளிர்காலத்தில் மைக்கேல் ஃபாரடே ஒரு மெழுகுவர்த்தியை வைத்தே சிறுவர்களுக்கு ஆறு சொற்பொழிவுகள் நடத்தினார். அணைத்தவுடன் எழும் வெண்புகையில், திரியிலிருந்து இரண்டு மூன்று செ.மீ. உயரத்தில் தீக்குச்சியைக் காட்டினால் சுடர் புகை வழியே இறங்கித் திரியைப் பற்றும். எரிவது மெழுகின் ஆவி என்பதற்கு இதைவிட நேரடியான காட்சி கிடையாது. மின்விசிறி ஓடினால் வராது.

நிறம், சுண்ணாம்பு நீர்

சிவப்பு முட்டைக்கோஸ் சாறு எல்லாருக்கும் தெரிந்ததுதான்; அமிலத்தில் சிவப்பு, நடுநிலையில் ஊதா, மென்காரத்தில் நீலம், மேலே போகப் பச்சை, வலிய காரத்தில் மஞ்சள். குழாய்நீரில் காய்ச்சினாலே சாறு நீலமாகிவிடலாம், அதனால் வாலைவடி நீர். இரண்டு நாளில் கெட்டுவிடும், உறையவைத்தால் நாள்பட வரும். எதையும் நாக்கில் வைத்துப் பார்க்கக் கூடாது, சமையலறையிலிருந்து வந்த பொருளாக இருந்தாலும்.

சுண்ணாம்பு நீருக்கு ஒரு லிட்டர் நீரில் 2 கிராம் நீற்றிய சுண்ணாம்பைக் கலக்கி, மூடி, இரவு முழுக்கத் தெளியவிட்டு மேல்நீரை மட்டும் எடுங்கள். கொஞ்சம் கரையாமல் அடியில் தங்கினால்தான் நிறைவுற்ற கரைசல். திறந்து வைத்தால் காற்றிலேயே கலங்கிவிடும். கார்பன் டை ஆக்சைடை நெடுநேரம் விட்டால் கலங்கியது மறுபடி தெளியும், ஏனென்றால் கரையாத கால்சியம் கார்பனேட் கரையும் பைகார்பனேட்டாக மாறுகிறது. வினிகர்ச் சாரல் குழாய் வழியே வந்தாலும் தெளியும். இரண்டையும் பிரித்தறியச் சொல்வது நல்ல பயிற்சி.

கீழே எழுதும் சிறு எண்

சமன்பாட்டைச் சமன்செய்யச் சொன்னால், முன்னால் எண் போடுவதற்குப் பதில் வாய்பாட்டின் கீழே உள்ள எண்ணை மாற்றிவிடுவார்கள். விதியை எத்தனை முறை சொன்னாலும் நிற்காது. இரு நிறப் பொத்தான்களால் நீர் மூலக்கூறைச் செய்யவைத்து, அதில் இன்னோர் ஆக்சிஜனைச் சேர்க்கச் சொல்லுங்கள். கையில் இருப்பது இப்போது ஹைட்ரஜன் பெராக்சைடு. இரண்டு 250 மி.லி. கூம்புக்குடுவைகளில் ஒன்றில் 20 மி.லி. நீர், மற்றதில் 20 மி.லி. 3 சதவீத பெராக்சைடு எடுத்து, இரண்டிலும் ஒரு சிட்டிகை உலர் ஈஸ்ட் போடுங்கள். நீரில் ஒன்றும் நடக்காது. மற்றதில் நுரைத்துச் சுமார் 200 மி.லி. ஆக்சிஜன் வரும்; ஒரு நிமிடம் கழித்துத் தணல் மட்டும் உள்ள குச்சியை இறக்கினால் குப்பென்று பற்றும். நுரையில் குச்சி பட்டால் நனைந்து அணையும், குடுவையின் மேல்பாதியோடு நிறுத்துங்கள். நுரையே வராவிட்டால் பெராக்சைடு பழையது.

மதிப்பிடும்போது வரையறை கேட்பதைக் குறைத்து, செய்த சோதனையில் ஒரு விவரத்தை மட்டும் மாற்றிக் கேளுங்கள். “குளிர்பானப் பாட்டிலில் 1 கிராம் சோடாவுக்குப் பதில் 0.5 கிராம் போட்டால், திறப்பதற்கு முன் தராசு என்ன காட்டும்? திறந்த பின்?” “இரும்புக் கம்பளியை இரண்டு மடங்காக்கினால் நீர் இரண்டு மடங்கு ஏறுமா?” இரண்டாவதற்கு ‘ஏறும்’ என்று எழுதியவரிடம் ஆக்சிஜனை அளந்தோமா, இரும்பை அளந்தோமா என்று கேட்டு, ஓர எழுத்துகள் இட்ட அதே அரைப் பக்கத்தை மறுபடி கையில் கொடுங்கள்.