ஜூன் வரைக்கும்

30 நவம்பர் 2024, சனி

ஃபெஞ்சல் புயல். காலையிலேயே கரண்ட் போய்விட்டது. ஜன்னல் இடுக்கில் பழைய லுங்கியைத் திணித்தும் சாரல் உள்ளே வருகிறது. பள்ளிகளுக்கு விடுமுறை என்று தெரிந்ததும் மாடி வீட்டுப் பிள்ளைகள் போட்ட சத்தம் தெருமுனை வரை கேட்டிருக்கும். பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே நான் சொல்லிக்கொடுக்கும் பெரியவன் என் முகத்தைப் பார்த்து, "நமக்கும் லீவாம்மா?" என்றான். "மழைக்கு லீவு" என்றேன். மூன்று பேரும் ஒரே போர்வைக்குள் உட்கார்ந்து, பின்கட்டுத் தகரத்தில் விழும் மழையைக் கேட்டோம். பாப்பா "இது பெரிய மழை, இது சின்ன மழை" என்று பிரித்துச் சொல்லிக்கொண்டே தூங்கிவிட்டாள். நோட்டை எடுக்கவே இல்லை.

2 டிசம்பர், திங்கள்

பெரியவனுக்கு இளைப்பு. ராத்திரி 1 மணிக்கு நிமிடத்துக்கு 38 மூச்சு. மூச்சுக்கு மருந்து தரும் நெபுலைசர் வைத்த பிறகு 28.

5 டிசம்பர், வியாழன்

வெயில். துணி, தலையணை, பாய் எல்லாம் மாடிக்குப் போயாயிற்று. கூடவே பெரியவனும். பழைய மாப்புக் குச்சி ஒன்றை என் வீட்டுக்காரர் அறுத்து, பலகைத் துண்டில் அறைந்து கொடுத்தார். தரையிலிருந்து சரியாக 100 செ.மீ. மதியம் 12 மணிக்கு அதன் நிழலை என் தையல் டேப்பால் பெரியவன் அளந்தான்: 71. சுண்ணக்கட்டியால் கோடு போட்டான். "நாளைக்கும் இதே எடத்துல இருக்குமா?" என்றான். "நீயே பாரேன்" என்றேன்.

8 டிசம்பர், ஞாயிறு

நாத்தனார் வந்திருந்தார். வாழைப்பழம், பாப்பாவுக்கு வளையல், அப்புறம் அந்தக் கேள்வி. "ஏம்மா, பையனுக்கு ஏழு வயசாவுது. இப்படி வீட்டுலயே வெச்சிருக்க சட்டத்துல இடம் இருக்கா?" அக்கறையில்தான் கேட்டார். எனக்குச் சுருக்கென்றது.

பீரோக் கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கும் தாளைக் காட்டினேன். 2009 கல்வி உரிமைச் சட்டம், 6 முதல் 14 வயது. பிள்ளை பிந்தி வந்தாலும் வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்துக்கொள்ள வேண்டும், விட்டுப்போனதைப் பிடிக்கத் தனிப் பயிற்சி கொடுக்க வேண்டும். அதற்குக் கீழே தேசிய திறந்தநிலைப் பள்ளியின் அடிப்படைக் கல்வித் திட்டம்: ஏ நிலை 3-ஆம் வகுப்புக்குச் சமம், பி நிலை 5, சி நிலை 8. பத்தாம் வகுப்புத் தேர்வுக்கு 14 வயது நிறைந்திருந்தால் போதும். ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தேன். நாத்தனார் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அதெல்லாம் சரிம்மா, இவன் இப்ப என்ன படிக்கிறான்?" என்றார்.

வாயில் ஒரு பதிலும் வரவில்லை. அவன் அப்போது கட்டிலுக்கு அடியில் தீப்பெட்டிகளைக் கோத்து ரயில் விட்டுக்கொண்டிருந்தான். தென்னாட்டின் முதல் பயணிகள் ரயில் 1856-இல் நம் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோட்டுக்குத்தான் கிளம்பியது என்று வீட்டுக்காரர் சொன்ன நாளிலிருந்து இதே விளையாட்டு. கட்டில் கால் ராயபுரம், கதவு வாலாஜா. நடுவில் அரக்கோணத்தில் இட்லி கிடைக்கும். இதை நாத்தனாரிடம் சொல்லியிருக்கலாம். அவர் போன பிறகுதான் தோன்றியது.

ஜூன் வரைக்கும் வீட்டில் இருக்கட்டும் என்று வீட்டுக்காரர் சொல்லியிருக்கிறார். ஜூன் வரைக்கும்தான்.

13 டிசம்பர், வெள்ளி

கார்த்திகை தீபம். 27 அகல். வரிசைக்கு ஒன்பதாக மூன்று வரிசை என்று அவனே வைத்தான். எண்ணெய்ப் புகை ஆகாது என்று எல்லாவற்றையும் வெளித் திண்ணையில் ஏற்றிவிட்டு, நாங்கள் ஜன்னலுக்கு உள்ளே நின்று பார்த்தோம்.

16 டிசம்பர், திங்கள்

மார்கழி 1. தை பிறக்கும் வரை எழுத்து நோட்டு பீரோ மேலேயே இருக்கட்டும் என்று முடிவு செய்துவிட்டேன். இந்தக் குளிரில் அவன் உடம்பு பாதி பலத்தை மூச்சுக்கே செலவழிக்கிறது. மிச்சத்தில் விளையாடட்டும், கதை கேட்கட்டும், சுடச்சுடச் சாப்பிடட்டும்.

வாசலில் 7 புள்ளி, 4 வரை ஊடுபுள்ளி. கோலப்பொடித் தூசி அவனுக்கு ஆகாது என்பதால் அரிசி மாவைக் கரைத்து விரலால் வைத்தேன். மஃப்ளரைச் சுற்றிக்கொண்டு வந்து குந்தினான். எத்தனை புள்ளி என்று முதலில் எண்ணியபோது 35, இன்னொரு தரம் 38. அப்புறம் நடு வரிசையை மறைக்கிற மாதிரி கையை நீட்டிப் பிடித்தான். "இங்க 7. மேல 6, 5, 4. கீழயும் அதே 6, 5, 4." விரலை மடக்கி மடக்கி, உதட்டுக்குள் ஏதோ சொல்லி, "15, 15, ஒரு 7… 37!" பாதியில் வந்த பாப்பா இரண்டு புள்ளியை மிதித்துவிட்டாள். "இப்ப 35" என்றான் உடனே.

நான் மாவுக் கையோடு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

19 டிசம்பர், வியாழன்

மாடி வீட்டுப் பெண்ணுக்கு ஆறு வயதுதான். பால் பாக்கெட்டில் இருப்பதையெல்லாம் படிக்கிறாள். இவன் 'படகு' என்பதில் 'ட'வைப் பார்த்து நிற்கிறான். இன்றைக்குப் பீரோ மேலிருந்து நோட்டை எடுத்தேன். பத்து நிமிடத்தில் இரண்டு பேரும் அழுதோம். திரும்ப மேலே வைத்துவிட்டேன்.

22 டிசம்பர், ஞாயிறு

மேகத்துக்கு நடுவே கொஞ்ச நேரம் வெயில். நிழல் 74. இதற்கு மேல் நீளாது, இனிமேல் சூரியன் வடக்கே திரும்பும் என்றேன். போன மாதம் ஐஸ் ஃபேக்டரிக் கூரைக்கு நேரே உதித்தது இப்போது தெற்கே தள்ளி, துறைமுகத்துக் கிரேன் பக்கம் உதிப்பதை அவனும் பார்த்திருக்கிறான். ஏப்ரல் 24 வாக்கில் மதியம் நிழலே இருக்காது என்றதற்கு, "குச்சிக்குக் கால் சுடுமா?" என்றாள் பாப்பா.

26 டிசம்பர், வியாழன்

சுனாமி வந்து இருபது வருடம். பிள்ளைகளின் பாட்டி, ஆயா, அவர்களைக் கூட்டிக்கொண்டு காசிமேட்டுக் கரைக்குப் போனார். நானும் போனேன். சனம் கடலில் பால் ஊற்றியது, பூப் போட்டது. "அன்னிக்கும் ஞாயித்துக்கெழம காலைல கடல் இப்படித்தான் இருந்துச்சி" என்று ஆயா ஆரம்பித்தார். பூமி அடியில் ஆடியது, சுமத்ரா பக்கம், அலை இங்கே வர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது என்பதை நான் இடையில் சொன்னேன். "ரெண்டு மணி நேரம் இருந்துச்சே, ஏன் யாரும் வந்து சொல்லல?" என்றான் பெரியவன். ஆயா அவன் தலையைத் தடவினார். வீட்டுக்கு வரும் வரை அவன் வேறு எதுவும் பேசவில்லை. காற்று ஈரம். ராத்திரி மூச்சு 30.

30 டிசம்பர், திங்கள்

ஆயா சங்கரா மீன் ஆய்ந்தார். செவுளைத் தூக்கிக் காட்டி, "செவப்பா இருந்தா புதுசு" என்றார். அதில்தான் மீன் மூச்சு விடுகிறது, தண்ணீரில் கரைந்த காற்றை அந்த இழைகளிலுள்ள ரத்தம் எடுத்துக்கொள்கிறது என்றேன். குனிந்து வெகுநேரம் பார்த்தான். சீப்புப் பல் மாதிரி இருந்த இழைகளை ஒரு விரலால் விரித்து விரித்துப் பார்த்துவிட்டு, "மீனுக்கு இளைப்பு வருமா?" என்று கேட்டான்.

4 ஜனவரி 2025, சனி

நிழல் 72. கீழே வந்து பார்த்தால் காலண்டர் தாளின் பின்பக்கம் பென்சிலில் ஏதோ எழுதியிருக்கிறான். 72. அதற்குப் பக்கத்தில் 'நிலல்'.

யாரும் எழுதச் சொல்லவில்லை. ழ எங்கே என்று கேட்க வாய் வந்தது, அடக்கிக்கொண்டேன். எங்கள் தெருவில் அந்த எழுத்தை யார் வாயிலிருந்து அவன் கேட்டிருப்பான்? நானே வாழைப்பழம் வாங்கப் போனால் வாலப்பலம் என்றுதான் கேட்கிறேன். தாளைச் சட்டகத்துக்குள் வைக்கலாமா என்றார் அவர். வேண்டாம், பிள்ளை பயந்துவிடும் என்றேன். பீரோக் கதவில், அந்தச் சட்டத் தாளுக்குப் பக்கத்தில் ஒட்டினோம்.

9 ஜனவரி, வியாழன்

ஒரு வார்த்தைதானே என்று இன்றைக்குத் தோன்றுகிறது. ஜூனுக்கு ஐந்து மாதம்.

13 ஜனவரி, திங்கள்

போகி. 4 மணிக்கே மேளச் சத்தம். டயர் எரிக்காதீர்கள் என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வருடா வருடம் சொல்கிறது, எங்கள் தெருவில் இந்த வருடமும் எரிந்தது. எல்லா ஜன்னலையும் மூடி, ஈரத் துணி கட்டி, நடு அறையில் இருந்தோம். எதிர்வீட்டுப் பையன் கொடுத்த போகி மேளத்தைப் பாப்பா மெதுவாகத் தட்டினாள். பெரியவன் என் மடியில் சாய்ந்து, அவள் தட்டலுக்கும் தன் மூச்சுக்கும் சேர்த்துக் கணக்கு வைத்தான். "அவ நாலு, நான் ஒண்ணு." நானும் எண்ணினேன். 34. நெபுலைசர். 32. மறுபடியும்.

மதியம் வெயில் நன்றாக இருந்தது. "அம்மா, குச்சி?" என்றான். நாளைக்குப் போகலாம் என்றேன்.