பலூனில் பிடித்த கோணங்கள்

மூன்று வாரமாக இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு பலூன் ஊதிக்கொண்டிருக்கிறேன். ஜார்ஜ்டவுன் லெபோ பாசாரில் வாங்கிய பலூன்கள், பாசார் மாலாமில் (இரவுச் சந்தை) தின்றுவிட்டுக் கழுவி வைத்த சாத்தே குச்சிகள், களிமண், ஒரு பழைய கோணமானி. எஸ்டிபிஎம் (மலேசியாவில் பல்கலைக்கழகத்துக்கு முந்தைய தேர்வு) படிக்கும் அண்ணன் மகளுக்கு மூலக்கூறுகளின் வடிவத்தைப் புரியவைக்க உதவப்போய் எனக்கே பித்துப் பிடித்துவிட்டது.

முதலில் மீத்தேன். அணுக்களையும் எலக்ட்ரான் இணைகளையும் காட்டும் லூயிஸ் படத்தைத் தாளில் போட்டால் கூட்டல் குறி மாதிரி, பிணைப்புகளுக்கு இடையே கோணம் 90. இணைக்கு ஒன்றாக நான்கு பலூன்களின் வாயை ஒன்றாக முறுக்கி மேசையில் சிலுவையாக அழுத்தினேன். கையை எடுத்ததும் ஒன்று துள்ளி மேலே எழுந்து, மற்ற மூன்றும் முக்காலி போல நின்றன. நான்முகி, 109.5. வேதியியலாளர்கள் கில்லெஸ்பியும் நைஹோமும் 1957இல் சொன்ன எலக்ட்ரான் இணைகளின் விலக்கம் இதுதான்.

கரியமில வாயுவில் சறுக்கினேன். இரட்டைப் பிணைப்பை இரண்டாக எண்ணி நான்கு பலூன் கட்டிவிட்டேன். "சித்தப்பா, இரட்டையா இருந்தாலும் ஒரே திசைதானே?" என்றாள். வெட்கத்தோடு இரண்டை அவிழ்த்தேன். 180, நேர்கோடு.

பிணைப்பில் சேராத எலக்ட்ரான் இணைக்கு, அதாவது தனித்த இணைக்கு, பெரிய பலூன். அது மற்றவற்றை நெருக்குவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். அம்மோனியா 107, தண்ணீர் 104.5. தியூஷனில் அவளுக்கு ஒரு குறுக்குவழி கொடுத்திருக்கிறார்கள்: 109.5இலிருந்து தனித்த இணை ஒன்றுக்கு 2.5 கழி. எனக்கும் பிடித்துத்தான் இருந்தது, ஹைட்ரஜன் சல்ஃபைடு வரும்வரை. தண்ணீரின் அதே படம், அதே இரண்டு தனித்த இணைகள், கணக்குப்படி 104.5. பாடநூல் அட்டவணையில் 92! அம்மோனியாவின் படமே கொண்ட பாஸ்ஃபீனும் அப்படியே, 107க்குப் பதில் 93.5. பெரிய பலூனை இன்னும் ஊதிப் பார்த்தேன். வெடித்து அம்மாவின் தூக்கம் கெட்டதுதான் மிச்சம்.

யோசித்தால் புரிகிறது. கந்தகம் பெரிய அணு, ஆக்ஸிஜன் அளவுக்கு எலக்ட்ரானை இழுப்பதில்லை. பிணைப்பு இணைகள் நடுவிலிருந்து தள்ளி நிற்பதால் ஒன்றையொன்று அவ்வளவு உதைப்பதில்லை, நெருங்கிவிடுகின்றன. லூயிஸ் படத்தில் அணுவின் பருமன் தெரியாதே! நான்கு பலூனில் தனித்த இணை இருந்தால் கோணம் 109.5க்குக் கீழே போகும் என்று மட்டும் படத்தை நம்பிச் சொல்வேன். எவ்வளவு கீழே என்று கேட்டால் அட்டவணையைத்தான் புரட்டுவேன்.

இப்போது மேசையில் நைட்ரஜன் டைஆக்சைடு. வெளிக்கூட்டில் மொத்தம் 17 எலக்ட்ரான், ஒன்று துணையில்லாமல் நிற்கிறது. அதற்கு மட்டும் அரைகுறையாக ஊதிய பலூன் கட்டினேன். இரு கைகளும் அகலத் திறந்துகொண்டன. அட்டவணை 134 என்கிறது. அந்த ஒற்றையைப் பிடுங்கினால் 180, இன்னொரு எலக்ட்ரானைச் சேர்த்தால் 115. நாளை அந்த ஒரே பலூனை ஊதியும் இறக்கியும் மூன்றையும் படமெடுக்க வேண்டும்.