சிங்கப்பூர் கம்பெனி, சுங்கை சிப்புட் விடுப்பு

நம் பிள்ளைகள் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் வீட்டில் இருந்தபடியே சிங்கப்பூர் கம்பெனிக்குக் கணக்கு எழுதுகிறார்கள், வாடிக்கையாளர் அழைப்பு எடுக்கிறார்கள். நல்ல காலம்தான். ஆனால் விடுப்பு என்று வந்தால் கம்பெனி தன் நாட்டு ஒப்பந்தத்தில் பெயரை மட்டும் மாற்றி அனுப்பிவிடுகிறது. தீபகற்ப மலேசியாவில் உட்கார்ந்து வேலை செய்பவருக்கு அடிப்படை 1955 வேலைவாய்ப்புச் சட்டம். 1.1.2023 முதல் சம்பளம் எவ்வளவு என்றாலும் விடுப்பு உரிமை உண்டு. சட்டத்துக்கும் குறைவாக எழுதிய ஷரத்து செல்லாது.

அதிகம் தகராறு வருவது பொது விடுமுறையில். வருடத்துக்கு 11 நாள். அதில் ஐந்தை மாற்ற முடியாது: தேசிய தினம், மாமன்னர் பிறந்தநாள், தொழிலாளர் தினம், மலேசிய தினம், அப்புறம் மாநில ஆட்சியாளர் பிறந்தநாள். இந்தக் கடைசி நாள் வேலை செய்யும் மாநிலத்தைப் பொறுத்தது. கம்பெனியின் கோலாலம்பூர் அலுவலகத்துக்கு அதற்குப் பதில் பிப்ரவரி 1, கூட்டரசுப் பிரதேச தினம். பேராக்கில் இருப்பவருக்கு நவம்பர் முதல் வெள்ளி, சுல்தான் பிறந்தநாள். அலுவலகக் காலண்டரை அப்படியே எல்லாருக்கும் அனுப்புவது தப்பு.

மீதி ஆறைத் தேர்ந்தெடுப்பது முதலாளி. தீபாவளியும் தைப்பூசமும் அந்தக் கட்டாய ஐந்தில் இல்லை என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. புது வருடம் பிறக்குமுன் முதலாளி பட்டியலை அறிவித்தாக வேண்டும். ஆகவே டிசம்பரிலேயே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். தீபாவளி நெருங்கும் அக்டோபரில் போய்க் கேட்டால் காலம் கடந்துவிட்டது. பொது விடுமுறையன்று வேலைக்குக் கூப்பிட்டால், அன்றைய சம்பளம் போக இன்னும் இரண்டு நாள் கூலி தர வேண்டும். மாதச் சம்பளம் 4,000 ரிங்கிட்டைத் தாண்டியவருக்கு இந்தக் கூடுதல் கூலி மட்டும் சட்டப்படி கிடையாது.

அடுத்தது எம்.சி., அதாவது டாக்டர் சான்றிதழோடு எடுக்கும் நோய் விடுப்பு. வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடம் ஆகாதவருக்கு வருடத்துக்கு 14 நாள், ஐந்து வருடம் ஆகாதவருக்கு 18, அதற்கு மேல் 22. மருத்துவமனையில் படுக்க நேர்ந்தால் 60 நாள் தனி. சிங்கப்பூரில் அந்த 60-க்குள்ளேயே 14-ம் அடங்கும்; இங்கே 2023 முதல் அப்படி இல்லை. படிவத்தை நகல் எடுக்கும்போது தொழிலாளியின் 14 நாள் காணாமல் போவது இந்த இடத்தில்தான். கம்பெனி நியமித்த பேனல் கிளினிக் கோலாலம்பூரில் இருக்கிறது, காய்ச்சலோடு கிடப்பவர் தோட்டத்தில் இருக்கிறார். நியாயமான நேரத்தில், தூரத்தில் பேனல் டாக்டர் கிடைக்காவிட்டால், பதிவு பெற்ற எந்த டாக்டரின் எம்.சி.யும் செல்லும். ஆனால் 48 மணி நேரத்துக்குள் முதலாளிக்குத் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காவிட்டால் கையில் எம்.சி. இருந்தாலும் அனுமதியில்லாமல் வராத கணக்கில் போய்விடும். கிளினிக்கில் இருந்தே படம் எடுத்து அனுப்பிவிடுங்கள்.

ஆண்டு விடுப்பு 8, 12, 16 நாள். அதே இரண்டு வருட, ஐந்து வருடக் கணக்குதான். முதல் நாளிலிருந்தே சேர ஆரம்பிக்கும். சிங்கப்பூரைப் போல மூன்று மாதம் காத்திருக்க வேண்டியதில்லை. வேலையிலிருந்து பாதியில் நின்றால் முழுமையாக முடிந்த மாதங்களை வைத்துக் கணக்கு: ஏழு மாதத்துக்கு 8 × 7 ÷ 12 = 4.67. அரை நாளும் அதற்கு மேலும் முழு நாளாகும், ஆகவே 5. ஐந்து மாதத்துக்கு 3.33, அதாவது 3. மீதியைப் பணமாகக் கொடுக்கும்போது மாதச் சம்பளத்தை 26-ஆல் வகுக்க வேண்டும். 2,600 ரிங்கிட் சம்பளத்துக்கு ஒரு நாள் 100. முப்பதால் வகுத்து 86.67 போடுகிற கம்பெனிகள் உண்டு. சம்பளச் சீட்டைப் பார்க்காமல் விடாதீர்கள். விடுப்பில் இருக்கும்போது எம்.சி. கிடைத்தால் அந்த நாள் ஆண்டு விடுப்பில் கழியக்கூடாது.

மகப்பேறு விடுப்பு 98 நாள். 60 என்று போட்டிருந்தால் அது பழைய படிவம். மனைவி பிரசவித்தால் தந்தைக்குத் தொடர்ந்து 7 நாள், ஐந்து பிரசவம் வரை. அதே முதலாளியிடம் 12 மாதமாவது வேலை செய்திருக்க வேண்டும்; டாக்டர் சொன்ன பிரசவத் தேதிக்கு 30 நாள் முன்னதாகச் சொல்லிவிட வேண்டும். வாட்ஸ்அப்பிலோ வாய்மொழியாகவோ சொல்லி விட்டுவிடாமல், கர்ப்பப் பரிசோதனைப் புத்தகத்தில் தேதி உள்ள பக்கத்தைச் சேர்த்து மின்னஞ்சலில் அனுப்புங்கள்.