ஸ்விஃப்ட் டீசலுக்குக் கொஞ்சம் கூடுதல் இழுவை, இன்ஜினுக்குக் கெடுதல் இல்லாமல்

என்னிடம் இருப்பது 2013 ஸ்விஃப்ட் விடிஐ. இதுவரை 1,62,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது, அதில் கடைசி 58,000 ரீமேப் செய்த பிறகு, அதாவது இன்ஜினை நடத்தும் கம்ப்யூட்டரில் (ஈசியூ) இருக்கும் கணக்கை மாற்றி எழுதிய பிறகு ஓடியது. "ரீமேப் பண்ணினா இன்ஜின் போயிடுமாமே" என்று கேட்காத நண்பர்களே இல்லை. போகும், தப்பாகச் செய்தால் கண்டிப்பாகப் போகும். நான் என்ன செய்தேன், எதை வேண்டாம் என்றேன் என்பதை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

முதலில் இந்த இன்ஜினைப் பற்றி. ஃபியட்டின் 1.3 மல்டிஜெட், 1248 சிசி. மாருதி, டாடா, ஃபியட் என்று மூன்று கம்பெனியும் நம் ஊரில் இதைத்தான் ஓட்டின. ஸ்விஃப்டில் பவர் 75 பிஎஸ், இழுவை 190 நியூட்டன் மீட்டர். இதே இன்ஜின் மாருதியின் எஸ்எக்ஸ்4-ல் 90 பிஎஸ், 200 நியூட்டன் மீட்டர் கொடுத்தது. ஃபியட் லீனியாவில் 93, 209. அதனால் "உங்க வண்டியிலயும் அந்தப் பவர் உள்ளேயே இருக்கு, திறந்து விட்டாப் போதும்" என்பார்கள். இதில் பாதிதான் உண்மை. இன்ஜினுக்குள் காற்றை அமுக்கித் தள்ளும் டர்போ அந்த வண்டிகளில் வேறு, வேகத்துக்கு ஏற்றபடி உள்ளே இருக்கும் இறக்கைகள் திரும்பும் வகை. ஸ்விஃப்டில் இருப்பது நிலையான, சின்ன டர்போ. அதைக் கட்டாயப்படுத்தி அதிகக் காற்று கேட்டால், ஓர் அளவுக்கு மேல் அது காற்றைச் சூடாக்கித்தான் கொடுக்கும், அதோடு தன் தாங்கும் வேகத்தையும் தாண்டிச் சுற்றும்.

நான் முதலில் போட்டது ஒரு டியூனிங் பாக்ஸ். அரை மணி நேரத்தில் மாட்டிவிட்டார்கள், பிக்கப் உடனே தெரிந்தது, சந்தோஷமாகத்தான் இருந்தது. அது என்ன செய்கிறது என்று பிறகுதான் படித்தேன். இன்ஜெக்டர்களுக்கு டீசல் கொடுக்கும் ரெயில் என்ற குழாயில் இருக்கும் அழுத்தத்தைக் குறைவாகக் காட்டி ஈசியூவை ஏமாற்றுகிறது. ஈசியூவும் அதை நம்பி அழுத்தத்தை ஏற்றுகிறது. உண்மையான அழுத்தம் எவ்வளவு என்று ஈசியூவுக்குத் தெரியாது என்பதால், இன்ஜினைக் காப்பாற்ற அதற்குள் எழுதி வைத்திருக்கும் எல்லைகளும் பயன் இல்லாமல் போகின்றன. பம்பும் இன்ஜெக்டரும்தான் அடி வாங்கும். இரண்டு மாதத்தில் கறும்புகை, நாலாவது கியரில் அழுத்தினால் கிளட்ச் ஸ்லிப். கழற்றிவிட்டேன்.

அப்புறம்தான் கோயம்புத்தூரில் ஒரு மெக்கானிக் அண்ணனிடம் போனேன். ரீமேப் என்று சொன்னதும் அவர் கம்ப்யூட்டரைத் தொடவே இல்லை. "மொதல்ல கம்பெனி குடுத்த 75 வருதான்னு பாப்போமுங்க" என்றார். வரவில்லை. டர்போவிலிருந்து காற்று போகும் ரப்பர் ஹோஸில் மடிப்புக்குள் மறைவாக ஒரு கீறல், லோடு ஏறும்போது மட்டும் திறந்து காற்று கசிந்திருக்கிறது. டீசல் ஃபில்டர் மாற்ற வேண்டிய தூரத்தை எப்போதோ தாண்டியிருந்தது. புகையில் கொஞ்சத்தைத் திரும்ப இன்ஜினுக்கே அனுப்பும் இஜிஆர் வால்வு முழுக்கக் கரி. இதையெல்லாம் சரி செய்து எடுத்து வந்த அன்றைக்கு, சத்தியமாகச் சொல்கிறேன், ரீமேப்பே வேண்டாமோ என்று தோன்றியது. 2,000 ஆர்பிஎம்முக்கு மேல் வண்டி அப்படி இழுத்தது. இஜிஆரை அடைத்துவிடலாம் என்று வேறொரு கடையில் சொன்னார்கள், நான் ஒத்துக்கொள்ளவில்லை. புகையில் போகும் நைட்ரஜன் ஆக்சைடு கூடும், அதை மற்றவர்கள்தான் சுவாசிக்க வேண்டும்.

டயரை 165/80-லிருந்து 185/70-க்கு மாற்றினேன், ரிம் அதே 14 அங்குலம்தான். முன் பிரேக் பேட், பிரேக் ஆயில், கிளட்ச் செட் எல்லாம் புதிது. வேகத்தைக் கூட்டும் முன்னே நிறுத்தும் வசதியைக் கூட்ட வேண்டும், அதில் எனக்கு வேறு பேச்சே கிடையாது.

பிறகு ரீமேப். நான் கேட்டது 90 பிஎஸ், 220 நியூட்டன் மீட்டர், அவ்வளவுதான். இதற்கு மேலும் ஏற்றலாம் என்று சொன்னார்கள், வேண்டாம் என்றேன். இன்னொன்றும் கேட்டேன், 2,000-க்குக் கீழே ஒன்றுமே ஏற்ற வேண்டாம் என்று. கீழ் வேகத்தில் இழுவை ஏற்றினால் ஓட்ட ஜோராக இருக்கும், ஆனால் இன்ஜின் மெதுவாகச் சுற்றும்போது பேரிங்குக்கு நடுவே நிற்கும் ஆயில் படலம் மெலிசு. அந்த நேரத்தில் சிலிண்டருக்குள் பெரிய அழுத்தம் வந்தால் கனெக்டிங் ராடும் பேரிங்கும்தான் தாங்க வேண்டும். கிளட்ச்சுக்கும் அதுதான் கெடுதல்.

ரீமேப் செய்பவரிடம் எல்லோரும் கேட்க வேண்டிய ஒரு கேள்வி, ஆனால் யாரும் கேட்பதில்லை: மலை ஏறும்போது டர்போ அழுத்தத்தைக் குறைக்கும் கணக்கை அப்படியே விட்டிருக்கிறீர்களா? ஊட்டி 2,240 மீட்டர் உயரம், அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தைவிடக் கிட்டத்தட்ட கால் பங்கு குறைவு. அதே அளவு காற்றைக் கொடுக்க டர்போ இன்னும் வேகமாகச் சுற்ற வேண்டும். கம்பெனி ஈசியூ இது தெரிந்து கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். அந்த இடத்தில் கை வைத்துவிட்டால் கோயம்புத்தூர் சமவெளியில் சோதித்தபோது எல்லாம் சரியாகத் தெரியும், மேட்டுப்பாளையம் தாண்டியதும் டர்போவுக்கு ஆபத்து ஆரம்பிக்கும்.

டீசல் இன்ஜினைக் கொல்வது சூடுதான். பெட்ரோல் மாதிரி இல்லை, டீசலை எவ்வளவு கூட்டுகிறோமோ அவ்வளவு சூடு ஏறும். பிஸ்டன் அலுமினியக் கலவை, சுத்த அலுமினியம் 660 டிகிரியில் உருகிவிடும். எரியும் சூடு அதைவிடப் பல மடங்கு. பிஸ்டன் பிழைப்பதே அந்தச் சூடு ஒரு நொடிக்கும் மிகக் குறைந்த நேரம்தான் நிற்கிறது என்பதாலும், ஆயிலும் சிலிண்டர் சுவரும் அதை வாங்கிக்கொள்வதாலும்தான். அதனால் டர்போவுக்கு முன்னால் புகையின் சூட்டைக் காட்டும் மீட்டர் ஒன்று மாட்டினேன். இன்ஜினிலிருந்து புகை வெளியேறும் மேனிஃபோல்டைக் கழற்றி வெளியே வைத்துத்தான் துளை போடச் சொன்னேன், ஒரு இரும்புத்தூள் உள்ளே விழுந்தாலும் டர்போ காலி. 700 டிகிரி எனக்கு நானே வைத்துக்கொண்ட எல்லை. ஆயிலை 10,000-க்குப் பதில் 7,500-க்கு ஒரு முறை மாற்றுகிறேன். மலை ஏறி முடித்ததும் ஒரு நிமிடம் ஐடிலில் விட்டுத்தான் அணைக்கிறேன்.

வாரன்டி இருக்கிற வண்டி என்றால் இதையெல்லாம் தொடாதீர்கள், வாரன்டி போய்விடும். இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் எழுத்தில் சொல்லிவிடுங்கள்.

போன மாதம் கோத்தகிரிக்கு ஐந்து பேர், டிக்கி நிறைய சாமான். மூன்றாவது கியரில் ஏறும்போது மீட்டர் 690-ஐத் தொட்டது, இரண்டாவதுக்கு இறக்கி ஆக்சிலேட்டரைத் தளர்த்தினேன், இரண்டு வளைவுக்குள் 600-க்கு வந்துவிட்டது. இந்த இன்ஜினில் ஆயிலைக் கவனிக்காவிட்டால் டைமிங் செயின் நீண்டுவிடும் என்பதால் காலையில் முதல் ஸ்டார்ட்டின்போது பானெட்டைத் திறந்து வைத்துக் கேட்கிறேன். இதுவரை கலகல சத்தம் இல்லை. அடுத்த ஆயில் 1,65,000-ல்.