பழைய சிபி பேஸ் ஆன்டெனாவ திரும்ப கூரை ஏத்தியாச்சு

ஒஹையோல ஸீனியா ஹாம்வென்ஷன் (அமெச்சூர் ரேடியோக்காரங்க கூடற கண்காட்சி) ஃப்ளீ மார்க்கெட்ல ஒருத்தர் வேனுக்குப் பின்னாடி அழுக்கு அலுமினிய குழாய் கட்டு ஒண்ணு கிடந்துச்சு. மேல ஒரு குழாய், கீழ சாய்வா மூணு ரேடியல் (தரை மாதிரி வேலை செய்யற கம்பி), வீட்டுல மாட்டற சிபி (சிட்டிசன்ஸ் பேண்ட், பொதுமக்கள் பேசிக்கற ரேடியோ) பேஸ் ஆன்டெனா, குவார்ட்டர் வேவ் கிரவுண்ட் பிளேன், அதாவது மேல் குழாய் அலைநீளத்துல கால் பங்கு. லேபிள் வெயில்ல போயிடுச்சு, என்ன மாடல்னு கேக்காதீங்க. 1973 எண்ணெய் நெருக்கடிக்கு அப்புறம் 55 மைல் ஸ்பீடு லிமிட் வந்து, டீசல் எங்க கிடைக்குது போலீஸ் எங்க நிக்குதுன்னு டிரக் டிரைவருங்க சிபில பேச, அதப் பாத்து ஊரே வாங்கி மாட்டுச்சே, அந்தக் காலத்து சரக்கு மாதிரிதான் தெரிஞ்சுது.

வீட்டுக்கு வந்ததும் மல்டிமீட்டர்தான் எடுத்தேன். மெயின் குழாயோட ரெண்டு முனைலயும் ப்ரோப வச்சு லேசா ஆட்டினா ரீடிங் தாறுமாறா ஓடுது. குழாய்க்குள்ள குழாய் சொருகற ஜாயின்ட்ல ஆக்சைடு படிஞ்சிருக்கு, அது கரண்ட்ட கடத்தாது, அவ்ளோதான் வியாதி. ஒரு ஜாயின்ட் மட்டும் சுத்தமா இறுகிப்போயி, எண்ணெய் விட்டு ஊற வச்சு, மரக்கட்டைய வச்சு தட்டித் தட்டி ஒருவழியா கழண்டுச்சு, உள்ளேருந்து பொலபொலன்னு காஞ்ச மண்ணு, பாத்தா குளவிக் கூடு!

தேய்க்கறதுக்கு ஸ்டீல் உல் பக்கமே போகாதீங்க, இரும்புத் துகள் அலுமினியத்துல பதிஞ்சு மழை பட்டா அதுவே அரிக்க ஆரம்பிக்கும். ஸ்காட்ச் பிரைட் போதும். வெளிக்குழாயோட உள்பக்கத்த நிறைய பேர் விட்டுடறாங்க, ஒரு குச்சில சுத்தி அங்கயும் தேய்க்கணும். அப்புறம் அலுமினிய வயருக்குப் போடற ஆன்டி ஆக்சிடன்ட் பேஸ்ட் மெலிசா தடவி, புது ஸ்டெயின்லெஸ் கிளாம்ப் போட்டு இறுக்கியாச்சு. குழாய் முழுக்க பளபளன்னு பாலிஷ் போடறது என்னப் பொறுத்தவரை வெட்டி வேலை, ஜாயின்ட் நல்லா இருந்தா மேல கருப்பா இருந்தா என்ன.

கனெக்டர் நடுவுல பச்சை பூத்திருந்துச்சு, மாத்திட்டேன். கூட வந்த கேபிள வெட்டிப் பாத்தா உள்ள பின்னல் கருகருன்னு இருக்கு, தண்ணி இறங்கிருக்கு. அத தூக்கிப் போட்டுட்டு புது ஆர்ஜி-8எக்ஸ் கோஆக்ஸ் கேபிள் போட்டேன்.

மாஸ்ட் (ஆன்டெனாவ தாங்கற கம்பம்) எங்க நடறதுன்றதுலதான் ரொம்ப யோசிச்சேன், சாஞ்சா கரண்ட் கம்பி மேல விழாத தூரத்துல இருக்கணும், இதுல விளையாடவே கூடாது.

முதல் ரீடிங் சேனல் 1ல எஸ்டபிள்யூஆர் (ஆன்டெனாலேருந்து எவ்ளோ பவர் திரும்பி வருதுன்னு காட்டற அளவு, 1தான் பெஸ்ட்) 1.3, 40ல 1.9. கீழ் சேனல்ல கம்மி மேல் சேனல்ல அதிகம்னா ஆன்டெனா நீளம் ஜாஸ்தின்னு அர்த்தம். 27.2 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் குழாய் சுமார் 2.6 மீட்டர் வரணும், ரெண்டு சென்டிமீட்டர் கிட்ட உள்ள தள்ளினேன், நடு சேனல் 1.2, ரெண்டு ஓரத்துலயும் 1.4. ரேடியல் சாய்வா இருக்கறதாலதான் இது 50 ஓம்ஸ் பக்கத்துல வருது, நேரா நீட்டி வச்சா 36 ஓம்ஸ் கிட்ட இறங்கிடும்.

4 வாட் ஏஎம்ல சேனல் 19ல ஐ-70 ஹைவே டிரக் டிரைவர் ஒருத்தர் தெளிவா பதில் சொன்னாரு. மத்தியானம் சேனல் 38ல எல்எஸ்பி மோடுல (லோயர் சைட்பேண்ட்) டெக்சாஸ்காரங்க குரல் வந்துச்சு, ஸ்கிப் ஓப்பன், அதாவது சிக்னல் மேல் வானத்துல பட்டு தூரத்துல இறங்குது. அமெரிக்கால 1983லேருந்து சிபிக்கு லைசென்ஸும் வேணாம்.

லைட்னிங் அரெஸ்டரும் கிரவுண்ட் ராடும் இன்னும் போடல, அதுவரைக்கும் வானம் இருட்டினா கேபிள கழட்டி வீட்டுக்கு வெளிய போட்டுடறேன்.