ஒரு குமிழுக்காக மூன்று ஞாயிறு

அப்பாவின் பழைய கெசட் ரேடியோவில் அடித்தொனியைக் கூட்டிக் குறைக்க பேஸ், கீச்சுத்தொனிக்கு ட்ரெபிள் என்று இரண்டு குமிழ்கள் இருந்தன. நான் வாங்கிய புளூடூத் ஸ்பீக்கரில் சத்தத்தைக் கூட்ட ஒரு பொத்தான், குறைக்க ஒரு பொத்தான், அவ்வளவுதான். இலங்கை மலையகத்தின் ஹட்டனில் மழை பிடித்துக்கொண்டால் எங்கள் தோட்ட லயத்துத் தகரக் கூரையின் கீழே செய்தி வாசிப்பவரின் குரல் கரைந்துபோகும். குமிழை நானே பொருத்துவது என்று இறங்கினேன்.

முதல் ஞாயிறு. பீட்டர் பாக்ஸண்டால் 1952இல் 'வயர்லெஸ் வேர்ல்ட்' இதழில் வெளியிட்ட பேஸ்-ட்ரெபிள் மின்சுற்றையே எடுத்துக்கொண்டேன். டிஎல்072 என்ற ஒரு ஆம்ப்ளிஃபயர் சில்லு, 100 கிலோ ஓம் குமிழ்கள் இரண்டு, சில கெப்பாசிட்டர்கள், தனியாக ஒரு 9 வோல்ட் பேட்டரி. ஸ்பீக்கரைத் திறந்து புளூடூத் பலகைக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் நடுவே செருகினேன். ஒரே உறுமல். எர்த் வயர்களை ஒரே புள்ளியில் சேர்த்துப் பற்றவைத்ததும் அடங்கியது.

இரண்டாம் ஞாயிறு. மாசியில் காமன் கூத்தின்போது போனில் பதிந்த தப்பு மேளத்தை ஓடவிட்டு, பேஸை முழுதாகத் திருப்பினேன். மெல்லிய சத்தத்தில் அப்படியொரு இனிமை; அம்மாகூட அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார். சத்தம் பாதியைத் தாண்டியதும் தப்பு பறபறவென்று கிழிந்தது. இன்னும் கூட்டினேன், ஸ்பீக்கர் அணைந்து, தானே உயிர்பெற்று, வரவேற்பு மணி அடித்தது. "நன்றாக இருந்ததைத்தானே பிரித்தாய்?" என்றார் அம்மா.

கணக்குப் போட்டபோது வெட்கமாக இருந்தது. சத்தத்தை 10 டெசிபல் ஏற்றப் பத்து மடங்கு சக்தி வேண்டும். என்னுடையது 3 வாட் பெட்டி. அதிர்வெண் பாதியானால், அதே சத்தத்துக்கு ஸ்பீக்கரில் அதிரும் கூம்பு நான்கு மடங்கு தூரம் அசைய வேண்டும். இரண்டு அங்குலக் கூம்பு எங்கே போகும்? போதாததற்கு, இப்படிப்பட்ட பல பெட்டிகளில் பேஸை உள்ளேயே ஏற்றி வைத்திருப்பார்கள். சத்தம் கூடும்போது அதைத் தானாகவே இறக்கிக்கொள்பவையும் உண்டு. அதற்கு மேல் நம் கையும் பட்டால் கிழிந்த கூம்பு உத்தரவாதச் சீட்டோடு கடைக்குத் திரும்பும். காசு மிச்சம் பிடிக்கத்தான் குமிழை விட்டுவிட்டார்கள் என்று இத்தனை நாள் திட்டியது பாதிதான் நியாயம்.

பாதி நியாயம் இன்னும் என் பக்கம்தான். ஏற்றினால் கிழியும், சரி. இறக்குவதற்கு என்ன கேடு?

மூன்றாம் ஞாயிறு பேய்மழை. பேஸை நன்றாக இறக்கி, ட்ரெபிளைச் சற்றே ஏற்றினேன். பேஸ் தின்ற சக்தி மிச்சமானதால் சத்தத்தை முன்பைவிடக் கூட்ட முடிந்தது, கிழியவில்லை. செய்தி சொல் சொல்லாகக் கேட்டது.

இப்போது பேஸ் குமிழ் நடுவைத் தாண்டி வலப்பக்கம் திரும்பாதபடி ஒரு திருகாணியை முட்டுக்கொடுத்திருக்கிறேன். வீட்டில் தம்பி இருக்கிறான்.