நீக்கல் முறை: உப்புவெளி வகுப்புக் குறிப்புகள்

ஓகஸ்ட் 4

விடுமுறை வகுப்பில் ஒருங்கமை சமன்பாடுகள் தொடங்கினோம்: தெரியாத இரண்டு எண்களை, இரண்டு சமன்பாட்டையும் சேர்த்து வைத்துக் கண்டுபிடிப்பது. பலகையில் இரண்டு மீன் கணக்கு. 3 கிலோ சூடையும் 2 கிலோ பாரையும் 4800 ரூபாய். 1 கிலோ சூடையும் 2 கிலோ பாரையும் 3600 ரூபாய். கடைசி வாங்கில் இருந்த பிள்ளை, "ரீச்சர், பாரை ரெண்டிலயும் ஒரே அளவுதானே? அப்ப கூடின 1200 ரெண்டு கிலோ சூடைக்கு" என்றாள். நீக்கல் முறை முழுக்க அந்த ஒரு வரிக்குள் இருக்கிறது. சூடை 600, பாரை 1500.

அப்புறம் ஒருவன் கேட்டான்: "சமன்பாட்டில இருந்து சமன்பாட்டைக் கழிக்கலாமா?" கேட்கவேண்டிய கேள்வி. இடப்பக்கத்தில் மீனாகக் கழிக்கிறோம், வலப்பக்கத்தில் அதே மீனின் விலையாகக் கழிக்கிறோம். கழிபடும் தொகை ஒன்றேதான், சமன் குலையாது. இது விளங்காமல் படிமுறையைப் பாடமாக்கும் பிள்ளை, கணக்கு கொஞ்சம் மாறி வந்தாலும் திகைத்துவிடும்.

ஓகஸ்ட் 6

2எக்ஸ் + 3வை = 13, 5எக்ஸ் − 2வை = 4. முதலாவதை 2 ஆலும் மற்றதை 3 ஆலும் பெருக்கிக் கூட்டினால் வை போய்விடும்; 19எக்ஸ் = 38. எக்ஸ் 2, வை 3. சிலர் வலப்பக்கத்தைப் பெருக்காமல் விட்டு 19எக்ஸ் = 17 என்று நின்றார்கள். விடையை முதலில் தந்த இரண்டு சமன்பாட்டிலும் போட்டுப் பார்க்காமல் கொப்பியை மூடக்கூடாது என்று சொல்லிவிட்டேன்.

ஓகஸ்ட் 7

சய (−), நேர் (+) குறிகளில்தான் பயம். அதனால் சீனாவின் பழைய கணித நூலான 'ஒன்பது அத்தியாயங்கள்' பற்றிச் சொன்னேன். அதன் எட்டாம் அத்தியாயம் முழுவதும் இதே நீக்கல்தான், மூன்று தெரியாக்கணியங்களுக்கும்கூட. கழிக்கும்போது சய எண்கள் வந்து நின்றதால், அவற்றைக் கூட்டவும் கழிக்கவும் விதியை அங்கேயே வகுத்தார்கள். கி.பி. 263 இல் அதற்கு உரை எழுதிய லியூ ஹுய், கணக்குப் போட வைக்கும் குச்சிகளில் நேர் எண்ணுக்குச் சிவப்புக் குச்சி, சய எண்ணுக்குக் கறுப்பு என்கிறார். பிள்ளைகள் உடனே சிவப்புப் பேனையை எடுத்தார்கள். எடுக்கட்டும், நல்லதுதான்.

ஓகஸ்ட் 11

2 கிலோ சூடை, 3 கிலோ பாரை 5700. 4 கிலோ சூடை, 6 கிலோ பாரை 11000. முதலாவதை இரட்டித்துக் கழித்தால் மீன் இரண்டும் போய் 0 = 400. பலர் பிழையென்று அழித்தார்கள். அழிக்க ஒன்றுமில்லை, இரண்டு கணக்கும் ஒரே விலையில் இருக்கவே முடியாது, அதைத்தான் இந்த வரி சொல்கிறது. "கனக்க வாங்கினதால குறைச்சுக் குடுத்திருப்பினம்" என்றான் ஒருவன். சரியான விளக்கம். நாளைக்கு வரைபுத்தாள் கொண்டுவரச் சொன்னேன். ஒவ்வொரு சமன்பாட்டையும் கீறினால் ஒரு நேர்கோடு வரும்; இரண்டு கோடும் சந்திக்காமல் சமாந்தரமாகப் போவதை அவர்களே கீறிப் பார்க்கட்டும்.